கிளாக்கரின் வினைச்சொல்

சகலரும் அறியவேண்டிய செய்தி ஒன்று. 1969 தை மாதத்தில், பசறைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆங்கில மொழிக்கு நேரவிருந்த பெரும் இழுக்கு மயிரிழையில் தவிர்க்கப்பட்டது. தவிர்த்தவர் பெரிய கிளாக்கர் வீரசிங்கம்.

அவர் ஓடைக்கரைப் பாறையில் குடை பிடித்து நின்றார். கக்கத்தில் அகராதி, காலில் முகம் பார்க்கலாம்போல மினுக்கிய கறுப்புச் சப்பாத்து. கீழே முழங்காலளவு தண்ணீரில் தொழிலாளி முருகையா நாலாவது தடவையாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான்.

"நீந்தவும் கூடாது, சும்மா நடக்கவும் கூடாது. தண்ணி மறிக்க மறிக்கத் தள்ளிக்கொண்டு காலை வைக்கவேணும். இப்ப நீ செய்யிறதுக்கு இங்கிலீசில பேர் வேட். விளங்குதோ?"

"வெளங்குதுங்க. ஓடையத் தாண்டுறேன்னுல்ல இத்தன நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

விசயம் இதுதான். மார்கழி மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இக்கரையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் அக்கரையில். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி ஏறுவதற்குள் பெரட்டு கலைந்துவிடும். பிந்தியவர்களுக்கு அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்.

மேல் ரோட்டால் ஜீப்பில் போய்வரும் தோட்டத்துத் தொரை ஓடையைக் கண்ணால் கண்டதில்லை. எழுத்தில், அதுவும் இங்கிலீசில் தந்தால் பாலத்தைப் பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருந்தார்.

எழுதும் பொறுப்பு வீரசிங்கத்தாரிடம் வந்தது. தண்ணீரில் நடந்து வருகிறோம் என்று எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. அது வேதப் புத்தகத்துச் சமாச்சாரம், அப்படி நடந்தவர் பாலம் கேட்கவில்லை என்றார்.

வேட் என்ற சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது. அதன் பின்னால் 'அக்றோஸ்' போடுவதா 'த்றூ' போடுவதா என்று பதுளைக்கு இரண்டு தரம் பஸ்ஸேறி விசாரித்து வர இன்னொரு வாரம். அந்த இரண்டு வாரமும் அரைப்பேர் வாங்கிய பெரியாயி லயத்து வாசலில் நின்று சத்தமாகவே சொன்னாள், "நாம தெனம் செய்றதுக்கு ஐயா பேரு தேடுறாரு. நம்ம பேருதான் பாதியாப் போச்சு."

ஒருவழியாக மனு கிளாக்கர் கையோடு பங்களாவுக்குப் போனது. தொரை இரண்டு தரம் வாசித்தார். இங்கிலீசு பிரமாதம் என்றார். வேட் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடுகூடப் போட்டார். கிளாக்கர் ஓர் அங்குலம் வளர்ந்தார்.

பிறகு தொரையின் பார்வை கீழே இறங்கியது.

"கிளாக்கர் வீடும் ஓடைக்கு அந்தப் பக்கம்தானே? சப்பாத்து காஞ்சுதானே இருக்கு. பாலம் என்னத்துக்கு?"

மனு திரும்பக் கைக்கே வந்தது. வாசற்படிக்கு வெளியே, முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட, முருகையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஓடைக்கரைக்கு வந்ததும் வழக்கம்போலக் குனிந்து முதுகைக் காட்டினான். பாலம் போன நாள் முதல் கிளாக்கர் ஐயா அக்கரைக்குப் போவதும் வருவதும் அந்த முதுகில்தான். ஏறி உட்கார்ந்தவர், தொரைக்கு இலக்கியம் விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, பென்சில் கோடு விழுந்த வரியை இன்னொரு தரம் ரசித்து வாசித்தார்.

நட்ட நடு ஓடையில் முருகையா நின்றான். மிகுந்த மரியாதையோடு அவரைச் சப்பாத்தும் காலுமாகத் தண்ணீரில் இறக்கிவிட்டு, பங்களாப் பக்கம் கையைக் காட்டினான்.

"வேட் பண்ணுங்கய்யா, தொரைகிட்டத் திரும்பிப் போகணும்."