கட்டாயப் பொதுப்பாடம்: நீச்சல்

பல்கலைக்கழக நீச்சல் குளத்தின் பார்வையாளர் வரிசையில், தூண் மறைக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார் பஸ் டிக்கெட் பரிசோதகர்.

சீருடையை வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார். திருடனைப் பிடிக்கப் போகிறவன் விசில் ஊதிக்கொண்டா போவான்?

பிடிக்க வந்தது மனைவியை.

ஆறு வாரமாகவே அவருக்கு மனசு சரியில்லை. செவ்வாயும் வெள்ளியும் அக்கா வீட்டுக்கு என்று கிளம்புகிறவள், ஈரத் தலையோடு திரும்பி வந்தாள். அங்கே வெந்நீர் நன்றாக வருகிறதாம், அப்படியே குளித்துவிட்டு வந்தாளாம். காதில் பூ சுற்றுகிறாள் என்று அவருக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக பஸ்ஸில் முகம் பார்த்துப் பழகியவர். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இப்போதெல்லாம் சோறு போடும்போது அவளும் ஜன்னலைத்தான் பார்த்தாள்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கூட்டமான ஒரு பஸ்ஸில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கை டிக்கெட்டை நீட்டியது. நிமிர்ந்து பார்த்தால், மனைவியின் அக்கா. தங்கையைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது, வரச் சொல்லுங்கள் என்று அவளே குறைப்பட்டுக்கொண்டாள்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? பொய் எதற்கு?

இன்றைக்கு அவள் இரண்டு பஸ் மாறினாள். அவர் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

குளத்தில் இருபது பேர் இருந்தார்கள். எல்லாம் பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள். நடுவில், முழங்கால் வரைக்கும் நீச்சல் உடையும் தலையில் ரப்பர் தொப்பியுமாக அவள். பரிசோதகரின் கண் முதலில் ஆண்களைத்தான் எண்ணியது. கரையில் நின்ற உயிர்காப்பாளனுக்கு மட்டும் முப்பது வயது இருக்கும். அவளைப் பார்த்து அவன் கட்டைவிரலை உயர்த்தினான். ஓஹோ, இவன்தானா என்று பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் பயிற்சி கொடுக்கும் பெண் பின்னால் வந்து நின்று, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாள்.

டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவனைப் போல அவர் திணறினார். பிறகு குளத்தைக் காட்டி, அந்தம்மாவின் கணவன் என்று முனகினார்.

"அட, எங்க குளத்து அக்காவோட வீட்டுக்காரரா? நல்ல நேரத்துல வந்தீங்க சார். இன்னைக்குத்தான் அவங்களுக்கு டெஸ்ட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு வெளியாள் ஒருத்தர் வேணும்."

அவளே விளக்கமும் சொன்னாள். இங்கே எந்தப் படிப்பு படித்தாலும் ஆறு பொதுப்பாடம் முடித்தாக வேண்டும். அதில் நீச்சல் ஒன்று. குளத்தை இரண்டு நீளம் நிற்காமல் நீந்தினால்தான் பட்டம். கணக்குப் படித்த இந்த அக்காவுக்கு மற்றதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி.

அவருக்குத் தெரியாதா என்ன? கல்யாணத்துக்கு நாள் குறித்தபோதும் இது ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. கணக்குப் படித்தவளுக்கு நீச்சல் எதற்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றவரே அவர்தான். அந்த அப்புறம் பத்தொன்பது வருடமாக வரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், முழங்கால் தண்ணீரில் பட்டத்தை முழுகவிட்டவள் என்று அவளைக் காட்டிச் சிரிப்பார். டீத் தட்டோடு நின்று அவளும் சிரிப்பாள்.

இவ்வளவுதானா? அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று மறைத்திருக்கிறாள், பைத்தியக்காரி. இவளைப் போய் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

விசில் ஊதினார்கள்.

முதல் நீளத்தை அவள் சுலபமாகவே கடந்தாள். இரண்டாவதில் பாதி தூரத்தில் தண்ணீர் குடித்துவிட்டாள். தலை உள்ளே போய் வெளியே வந்தது. உயிர்காப்பாளன் கழியை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். பரிசோதகர் தூணை மறந்து எழுந்து நின்றார். கழியைப் பிடித்தால் தோல்வி. அவள் பிடிக்கவில்லை. கையைக் காலை அடித்து, இருமி, எப்படியோ வந்து சுவரைத் தொட்டாள்.

பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும், இனி அந்த வேடிக்கையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

பயிற்சிப் பெண் படிவத்தை நீட்டினாள். அவள் விரல் காட்டிய இடத்தில், சாட்சி என்பதற்குக் கீழே, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முன்பக்கம் ஒரு தடவை சரி பாத்துடுங்க சார். பட்டம் தபால்ல நேரா அந்த விலாசத்துக்குத்தான் போகும்."

திருப்பினார். பெயர் சரி. பிறந்த தேதி சரி.

விலாசம், ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு ஊரில் இருந்தது. பெண்கள் உயர்நிலைப் பள்ளி, ஆசிரியைகள் விடுதி, பதினோராம் எண் அறை. மனைவியின் குண்டு குண்டான கையெழுத்துதான், அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

தற்காலிக விலாசமா, நிரந்தர விலாசமா என்று அடுத்த வரியில் கேட்டிருந்தார்கள். நிரந்தரம் என்பதற்கு எதிரே அவள் டிக் அடித்திருந்தாள்.