முழுக்கை

சித்தி கழுத்தில் கிடந்த டேப்பை உருவியதும் வாயாடி கையை நீட்டினாள்.

வாயாடி என்பது அக்கா மகளுக்குச் சித்தி வைத்த பெயர். அவள் பேச ஆரம்பித்தால் சித்தியின் தையல் கடையில் மெஷின் சத்தமே கேட்காது. இந்த இரண்டு மாதமாகத்தான் எதைக் கேட்டாலும் ஒரு 'ம்' மட்டும் வருகிறது. கல்லூரிக்குப் போனால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொம்பு முளைக்கத்தான் செய்யும் என்று சித்தியும் விட்டுவிட்டாள்.

இந்தத் தடவையும் முழுக்கைச் சட்டைதான் வேண்டுமாம். அடிக்கிற வெயிலில் எந்தப் பனிமலைக்குப் போகப் போகிறாளாம் என்று கேலி செய்துகொண்டே மணிக்கட்டைச் சுற்றி டேப்பை வைத்தாள்.

வழக்கமாகத் துணிக்கு மேலேயே எடுத்துவிடுவாள். இன்று போட்டிருந்தது தடித்த துணி. அளவு அரை அங்குலம் பொய் சொல்லும். சட்டைக் கையை மேலே தள்ளினாள்.

முன்கையின் உட்பக்கம் முழுக்கக் கீறல்கள். சில ஆறியவை, சில ஆறாதவை. பூனை பிராண்டியது என்று சொல்லிச் சமாளிக்க வீட்டில் பூனையும் இல்லை.

சித்திக்கு ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலவும், அக்காவுக்குப் போன் போட்டுக் கத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

"உள்ளுக்குள்ள எவ்வளவு வலிச்சிருந்தா இப்படிப் பண்ணியிருப்ப, கண்ணு?"

வாயாடி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கண்ணீரை மறைக்கச் சித்தி அளவு நோட்டைப் புரட்டினாள். அக்கா மகளின் பக்கத்தில் இந்த மாதம் மட்டும் மூன்று முறை அளவு எழுதியிருந்தாள். கால் அங்குலம்கூட மாறவில்லை. பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் போதுமே, அதை வைத்தே தைத்துவிடலாமே. இந்தக் கடையில் தவழ்ந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா என்ன?

எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். இன்று யார் வந்தாலும் சரி, கடை கிடையாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். எந்த டாக்டரிடம் போவது, அக்காவிடம் எப்படிச் சொல்வது, எல்லாம் அப்புறம். முதலில் பிள்ளை அழட்டும்.

அழுது முடித்துவிட்டுத்தான் வாயாடி பேசினாள்.

"இன்னைக்கும் நீ பாக்காமலே அனுப்பிடுவியோன்னு பயந்துக்கிட்டே வந்தேன், சித்தி."