குறை சொல்லாத கிராக்கி

மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். விடிந்தால் வீடு மாற்ற வேண்டும். எட்டு வருடமாகத் தன்னோடு வாய்க்கால் மேட்டில் நடந்த நாய் ஜமீனை யாரிடமாவது ஒப்படைக்கக் கிளம்பினார் ஜவுளிக்கடை அர்த்தநாரி. நாய் வந்தாலும் முகம் சுளிக்காத கடைகள் அந்த வழியில் நான்கு. டீக்கடைக்காரர் காது மடிந்திருக்கிறது என்றார். இளநீர்க்காரர் வயசாச்சுங்களே என்றார். சைக்கிள் கடைக்காரர் வாலைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முப்பது வருடம் சரக்கு விற்ற வாய் சும்மா இருக்குமா? "புடிக்காட்டி விடுங்க, இந்தச் சரக்குக்கு ஆளா இல்ல?" என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஜெயித்தவரைப் போல நாயோடு நடையைக் கட்டினார்.

கடைசியில் இருந்தது கம்பங்கூழ் விற்கும் பூவாத்தாளின் கடை. அவள் ஜமீனுக்கு வழக்கமான சட்டியில் கூழ் ஊற்றினாள். "உட்டுட்டுப் போங்க. தங்கமான நாயி."

குறை சொல்லாமல் வாங்கும் கிராக்கியை அவர் தன் கடையில் பார்த்ததே இல்லை. "இடி இடிச்சாக் கட்டிலுக்கடியில பூந்துக்கும்," என்றார்.

"எங்கூட்டுலயும் கட்டில் இருக்குதுங்க."

"செருப்பக் கடிக்கும்."

"நான் செருப்பே போடறதில்லீங்க."

"தனியா உட்டாச் சோறு திங்காதம்மா. பக்கத்துலயே ஒக்காந்திருக்கோணும்."

"ஒக்காந்துக்கறனுங்க." பூவாத்தாள் சங்கிலிக்குக் கையை நீட்டினாள்.

தன் சரக்கைத் தானே மட்டம் தட்டியது வாழ்க்கையில் அவருக்கு அதுதான் முதல் தடவை. இன்னும் ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும் என்று நாயை மேலும் கீழும் பார்த்தார். ஜமீன் சட்டியை நக்கி முடித்துவிட்டு, வழக்கம்போல வீடு இருக்கும் பக்கம் திரும்பி நின்றது.