ஊசி போடாத நாய்

“டாக்டர், அதுக்குள்ள மூட்டையைக் கட்டாதீங்க. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.”

குடியிருப்போர் சங்கச் செயலாளர் குரலைத் தாழ்த்தினார். அவர் கையிலிருந்த வெள்ளைக் குட்டி நாய்க்குத்தான் காலையில் முதல் ஆளாக ரேபிஸ் தடுப்பூசி.

“எந்த வீடு?” என்றாள் டாக்டரம்மா.

“மூணாவது மாடி, கடைசி வீடு. வயசான புருஷன் பொண்டாட்டி. நாய் குரைக்குது, ஆனா ரெண்டு மாசமா அதை யாரும் கண்ணால பார்க்கல. ஊசிக்குப் பயந்து ஒளிச்சு வெச்சிருக்காங்க. குழந்தைங்க இருக்கிற கட்டடம் இது! இன்னிக்கு ஊசி போடலேன்னா வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டேன்.”

நியாயம்தானே? கார் நிறுத்துமிடத்தில் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மேலேயிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது. செயலாளருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“நீங்களும் கூட வாங்களேன் சார்.”

“ஐயையோ, நான் வரல! உள்ளே நாய் நிஜமா இருக்கா, இல்லையா... அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க, போதும்.”

நாய் வளர்க்கிற மனுஷனுக்கு நாய்ச் சத்தத்தில் இவ்வளவு நடுக்கமா? டாக்டரம்மா ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

மணி அடித்ததும் உள்ளே ஆக்ரோஷமான குரைப்பு. சட்டென்று நின்றது. கதவு திறந்தது. ஒரு பெரியவர், மூச்சு வாங்க, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“ஊசி போட வந்திருக்கேன். நாய் எங்கே?”

“சத்தம் போடாம உள்ளே வாங்கம்மா.”

திரைச்சீலை இழுத்துவிட்ட இருட்டு அறை. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. ஆணியில் சங்கிலி தொங்கியது. தரையில் ஒரு ரோமம் இல்லை. நாய் இருக்கிற வீட்டு வாடை துளிக்கூட இல்லை.

கட்டிலில் ஒரு அம்மாள் படுத்திருந்தாள். தொங்கிய கை, கீழே கறுப்பாக எதையோ தடவிக்கொண்டிருந்தது.

“மிளகு, டாக்டர் வந்திருக்காங்க பாருடா.”

டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். சுருட்டி வைத்த கறுப்புக் கம்பளி.

பெரியவர் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

“செத்துப்போச்சும்மா. ரெண்டு மாசமாச்சு. பின்பக்கப் படியில வாயில நுரையோட கிடந்தது. எவனோ கறியில விஷம் வெச்சிருக்கான். யார்கிட்டயும் சொல்லல. விடியறதுக்குள்ள நானே கொண்டுபோய்ப் புதைச்சிட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“துக்கம் விசாரிக்க வருவாங்களே? அவளுக்கு ஞாபகம் தங்கறதில்லம்மா. மிளகு செத்துட்டான்னு சொன்னா, ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் கேக்கிற மாதிரி அழறா. எத்தனை தடவை அழ விடறது? குரல் கேட்டாப் போதும், நிம்மதியாத் தூங்கிடுவா.”

“அப்போ குரைக்கிறது...”

பெரியவர் வெட்கத்தோடு தலையைக் குனிந்தார்.

டாக்டரம்மா ஊசி மாட்டாத வெறும் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு போய், கம்பளிப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“வலிக்குமா டாக்டர்?”

“எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா.”

சிரிஞ்சை அழுத்தினாள். சமையலறையிலிருந்து நாய் ஒன்று முனகியது.

“அவ்வளவுதான்டா, முடிஞ்சுபோச்சு” என்று அந்த அம்மாள் கம்பளியைத் தட்டிக்கொடுத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா கீழே வந்தாள். செயலாளர் ஓடி வந்தார்.

“நாய் இருந்துச்சா?”

“ஊசி போட்டாச்சு சார். இனிமே மிளகால யாருக்கும் ஆபத்தில்ல. பாவம், அவங்களைக் காலி பண்ணச் சொல்லாதீங்க.”

“மிளகா? அந்தக் கறுப்பு நாயா?” செயலாளரின் குரல் உடைந்தது. “சும்மா சொல்லாதீங்க டாக்டர்! அதெப்படி உயிரோட இருக்கும்? நான் வெச்ச கறி முழுசையும் தின்னுட்டு, என் கண்ணு முன்னாலேயே நுரை தள்ளி...”

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அவருக்குப் பின்னால், டாக்டரம்மா மறந்துவிட்டு வந்த ஊசிப் பெட்டியோடு, கடைசிப் படியில் பெரியவர் நின்றிருந்தார்.

பெரியவர், செயலாளர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, அவர் முகத்துக்கு நேராக, மெதுவாக ஒரே ஒரு தடவை குரைத்தார்.