ப்ரூசார்டின் பேனா

ஓக்லண்டில் டெரோனின் சலூனுக்குள் அக்டோபர் வெயில் சாய்வாக விழுந்து கிடக்கிறது. கழுத்துவரை துணி போர்த்திய கிழவர் ப்ரூசார்டு, தபாலில் வந்த வாக்குச்சீட்டை மடியில் விரித்து, அதில் விழும் நரைமுடியை ஊதி ஊதிக் கட்டங்களைக் கறுப்பாக்குகிறார். "பஸ்ஸுக்கு வரியா? வேண்டாம். பூங்காவுக்குக் கடனா? வேண்டாம்." இப்படி மக்கள் ஓட்டுக்கு விடப்படும் எந்தத் தீர்மானத்துக்கும் அவர் 'வேண்டும்' போட்டதாகச் சரித்திரமே இல்லை. "சொர்க்கத்தையே ஓட்டுக்கு விட்டாலும் நீங்க வேண்டாம்னுதான் போடுவீங்க, பெருசு," என்கிறான் டெரோன். "அங்க வரி எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போடுவேன்டா."

அடுத்த தீர்மானத்தில் பேனா நிற்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்து பரோல் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கும் ஓட்டுரிமை கொடுக்கலாமா என்கிறது அது. கறுப்பர்கள் வாழும் இந்தத் தெருவில் அந்தக் கேள்வி தொடாத வீடில்லை. டெரோனே பரோலில்தான் இருக்கிறான். காலையிலிருந்து வந்த அத்தனை பேரிடமும் அதற்காக வாதாடியவன், இவரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்பது மரியாதையாக இருக்காது. கண்ணாடியைப் பார்க்காமல், ஏற்கெனவே நுரைத்த இடத்திலேயே மறுபடியும் சோப்பைக் குழைக்கிறான். பேனா நகரும் சத்தம் கேட்கிறது. 'வேண்டும்' கட்டம் மெல்லக் கறுத்து நிறைகிறது.

"வாய்ச்சண்டை மட்டும் போட்டா ஆச்சா?" என்கிறார் ப்ரூசார்டு. "அடுத்த தேர்தல்ல நீயும் ஓட்டுப் போட்டு என்னைத் தோக்கடி பாப்போம்."

டெரோன் சவரக்கத்தியைக் கழுத்தருகே கொண்டுபோகிறான். போன கத்தி அப்படியே மேசைக்குத் திரும்புகிறது.

"என்னடா?"

"கொஞ்சம் இருங்க பெருசு. கை நிக்க மாட்டேங்குது."