கோடு கிழித்த கட்டம்

டென்மார்க்கில், சில்க்போர்க் வீட்டின் சமையலறை மேசையில் மார்ச் மாதப் பின்னேர வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஜெரோசனும் எதிரே அவருடைய மனைவி சுஜீவாவும் ஆளுக்கொரு மடிக்கணினியோடு இருக்கிறார்கள். நண்பர்கள் எட்டுப் பேரோடு சேர்ந்து இணையத்தில் முறை வைத்து, அவரவர் கற்பனை பேஸ்பால் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வீரர்கள் அடிப்பதற்கும் ஓடுவதற்கும் இங்கே பத்து வகையில் தனித்தனியே புள்ளி. சுஜீவாவின் தாளிலும் பத்துக் கட்டங்கள். பந்தை அடிக்கும் முன்பே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுகிற ‘தளம் திருடி ஓடுதல்’ என்ற கட்டத்தை மட்டும் தொடங்கும் முன்பே குறுக்கே கோடு கிழித்து விட்டிருக்கிறாள். இப்போது அவளுடைய முறை. ஆளைத் தெரிய இருக்கிற முப்பது நொடி குறைந்துகொண்டே வருகிறது. எல்லாரிலும் வேகமாக ஓடுகிறவன் இன்னும் மிச்சமிருக்கிறான். “உமக்கென்ன விசரே? அவனை எடும்!” என்கிறார் ஜெரோசன். “ஓடுறவன் எனக்கு வேண்டாம். அதில நான் கடைசியா வாறன். மிச்சம் ஒன்பது கிடக்குத்தானே,” என்றபடி, வேலி தாண்ட அடிக்கிற தடியன் ஒருவனை எடுத்துவிட்டு ஆறிய தேத்தண்ணியை நிதானமாகக் குடிக்கிறாள். தன் முறை வந்ததும் ஜெரோசன் பாய்ந்து அந்த ஓட்டக்காரனைப் பிடிக்கிறார். அடுத்த சுற்றில் இன்னொருவனை. அதற்கடுத்த சுற்றிலும். ஆறாம் சுற்றில்தான் நிமிர்ந்து அவளுடைய திரையைப் பார்க்கிறார். பெரிய அடி அடிக்கிறவர்கள் எல்லாரும் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். திரும்பித் தன் திரையைப் பார்க்கிறார். அவருடைய பட்டியலில் நிற்பவர்கள் எல்லாரும் அவள் வேண்டாமென்று விட்ட ஓட்டக்காரர்கள்.