கஷ்டமான கீபோர்டு ஒண்ணு கொடுங்க

"இருக்கறதிலேயே டைப் அடிக்க ரொம்பக் கஷ்டமான கீபோர்டு எந்த போன்ல இருக்கு?"

துஹோ சட்டென்று நிமிர்ந்தான். கொரியாவில், தேஜோன் நகரச் சந்தையில் பதினோரு வருஷமாக போன் கடை வைத்திருக்கிறான். எழுத்து பெரிசா இருக்கணும், விரல் வலிக்கக் கூடாது, தப்பு விழக் கூடாது... இப்படிக் கேட்டுத்தான் ஜனங்கள் உயிரை எடுப்பார்கள். இது புது தினுசு.

கேட்டது பியோ அம்மா. சந்தைக் கோடியில் மீன்வடைக் கடை போட்டிருப்பவள். கையை விட வாய் வேகம் என்று பேர் எடுத்தவள்.

"சுலபமானதுதானேம்மா கேட்டீங்க?"

"காது அடைச்சுப் போச்சா முதலாளி? கஷ்டமானது. தப்புத் தப்பா விழணும்."

"எந்த போன் வாங்கினாலும் எந்தக் கீபோர்டு வேணும்னாலும் போட்டுத் தரலாம்மா."

"அப்ப எல்லாத்தையும் எடு. ஒரு கை பாத்துடலாம்."

ஏப்ரன் பையிலிருந்து, வடை வேகற நேரம் பார்க்கிற குட்டிக் கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ‘வரும்போது பேரிக்காய் வாங்கிட்டு வா.’ இதை அடிச்சுப் பார்ப்பதுதான் பரீட்சை.

முதலில் பழைய காலத்துப் பத்துக் கட்டை கீபோர்டு. பெரிய பெரிய கட்டை, ஒரு கட்டைவிரல் போதும். பியோ அம்மாவின் விரல் பறந்தது.

"நாலு நொடி. ஒரு தப்பு இல்ல. சே, வேணாம்."

அடுத்து, சின்னப் பசங்க ரெண்டு கட்டைவிரலாலும் அடிக்கிற முழுக் கீபோர்டு.

"எட்டு நொடி, ரெண்டு தப்பு. பரவால்ல. இன்னும் மோசமா இல்லையா?"

"இது ஒண்ணு இருக்கு. ஒரே கட்டையை ஒரு தட்டு தட்டினா ஒரு எழுத்து, ரெண்டு தட்டு தட்டினா வேற எழுத்து. பழகாதவங்க திண்டாடிப் போயிடுவாங்க."

பியோ அம்மா திண்டாடினாள். பத்தொன்பது நொடி. எழுதினதில் பேரிக்காயைத் தேடினாலும் காணோம். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

"இதான்! இதையே போடு. தப்பைத் தானாத் திருத்துமே, அந்தக் கருமத்தையும் நிறுத்திடு."

"எதுக்கும்மா இப்படி ஒண்ணு?"

"எல்லாம் என் மருமகளுக்காகத்தான்."

துஹோவுக்குச் சுரீர் என்றது. அவன் அக்காவுக்கும் ஒரு மாமியார் உண்டு. அக்கா பதில் அனுப்ப ரெண்டு நிமிஷம் லேட்டானால் போதும், ‘கை உடைஞ்சு போச்சா?’ என்று வந்து விழும். இந்தப் பொம்பளை அதுக்கும் ஒரு படி மேலே! உதவாக்கரை கீபோர்டை மருமகள் தலையில் கட்டிவிட்டு, ஏன் லேட்டு, ஏன் தப்பு என்று வறுத்தெடுக்கப் போகிறாள். இரு கிழவி, வைக்கிறேன் உனக்கு.

"உள்ள போய் சரி பண்ணிட்டு வரேம்மா."

திரைச்சீலைக்குப் பின்னால் போனான். பார்க்க அதே கீபோர்டுதான். ஆனால் தப்பைத் திருத்துவது, வார்த்தையை எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் போட்டுவிட்டான். இனி ரெண்டு எழுத்துத் தட்டினால் மீதியை போனே எழுதி முடித்துவிடும். யார் பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும்.

போனை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள் பியோ அம்மா. அவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. மருமகளும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே. அவளுக்குப் போய் இப்படி ஒரு போனா?"

"அவளுக்கு எதுக்கு? அவகிட்ட நல்ல போன் இருக்கே. இது எனக்கு."

"உங்களுக்கா? உங்க போன் என்னாச்சு?"

"நேத்து கொதிக்கிற மீன் சாறுல நானே போட்டுட்டேன்."

துஹோ வாயைப் பிளந்தான்.

"போன வருஷம் சூசொக் அறுவடைத் திருநாளுக்கு என் மருமக யேரின் முதல் தடவையா அடை சுட்டு போட்டோ அனுப்பினா. ஒரு பக்கம் கருகல். ‘உங்கம்மா இதைக்கூட உனக்குச் சொல்லித் தரலையா’ன்னு தட்டி விட்டுட்டேன். நாலே நொடி! அனுப்பின அப்புறம்தான் உறைக்குது, அவ பள்ளிக்கூடம் போறப்பவே அம்மாவைப் பறிகொடுத்தவ. அழிச்சிடலாம்னு பாக்கறேன், இன்னும் படிக்கலைன்னு காட்ட பக்கத்துல ஒரு ‘1’ நிக்குமே, அது மறைஞ்சு போச்சு. படிச்சிட்டா."

பியோ அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"ஒரு வருஷம் வாசப்படி மிதிக்கல. நேத்துதான், ‘இந்தத் திருநாளுக்கு வரோம் அம்மா’ன்னு அனுப்பினா. சந்தோஷமா பதில் அடிக்க உக்காந்தா, இந்த விரல் பாட்டுக்கு ‘இப்பத்தான் வழி தெரிஞ்சுதா’ன்னு அடிச்சு வெச்சிருக்கு! அனுப்பிடுவேனோன்னு பயந்து போய் போனைச் சாறுக்குள்ள போட்டேன். என் கோவம் பத்தொம்போது நொடி தாங்காது தம்பி. அடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆறிடும். வரட்டுமா? அவளுக்கு இன்னும் பதில் போடல."

அவள் போய் அரை நிமிஷம் கழித்துத்தான், தான் செய்து வைத்த காரியம் துஹோவுக்கு உறைத்தது. செருப்புக்கூடப் போடாமல் சந்தைக்குள் ஓடினான்.

"அம்மா! எதையும் தட்டிடாதீங்க! அந்த போனை இப்படிக் குடுங்க!"

"ஏன்டா, என்ன ஆச்சு?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்பித்தான். பியோ அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான். திட்டவில்லை.

"என்னைப் பத்தி அப்படி நினைக்க உனக்கு எத்தனை நொடி ஆச்சு?"

துஹோ தலையைச் சொறிந்தான்.

"நாலு கூட ஆகலம்மா."